அப்பாவும் கடலும் வெளிப்படுத்தல் 21ம்

கேள்வி: ஐயா, எங்கப்பா தெலுக் கும்பார்ல சாம்பான் படகு வெச்சு மீன் பிடிச்சவரு, இப்ப முடியாம படுத்திருக்காரு. பைபிள்ல புதிய வானம் புதிய பூமி பத்தி வர்ற வெளிப்படுத்தல் 21 வாசிச்சுக் காட்டினேன், "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று"ன்னு வந்ததும் மூஞ்சி வாடிப்போச்சு, "அப்ப நான் அங்க என்னம்மா பண்ணுவேன்"ங்கிறாரு. சபையில ஒரு அண்ணன், உலகமே எரிஞ்சுபோகப் போகுது, கடல் எதுக்குன்னுட்டாரு. நான் என்ன சொல்றது?
– ஒரு மகள், பினாங்கு

பதில்: அம்மா, அப்பா கேட்டது நல்ல கேள்விம்மா, அவர ஆறுதலா கேக்க விடுங்க.

யோவான் இத பத்மு தீவுல இருந்துக்கிட்டு எழுதுறாரு, அவரோட ஏழு சபையும் கடலுக்கு அந்தப் பக்கம். அந்தப் புஸ்தகத்துல மிருகம் ஏறி வர்றது கடல்லேர்ந்து (13:1), பாபிலோன் கொழுத்தது கப்பல் வியாபாரத்துல (18ஆம் அதிகாரம்), கடல் தன்கிட்ட இருக்கிற செத்தவங்கள திருப்பிக் குடுக்குது (20:13). பிரிவும் தீமையும் சாவும் தர்ற அந்தக் கடல்தான் இல்லாமப் போகுதுன்னு நான் வாசிக்கிறேன், அடுத்த மூணாவது வசனத்துலயே மரணமும் துக்கமும் அலறுதலும் போகுதுன்னு வருது பாருங்க. 2004 டிசம்பர் 26 சுனாமியில பினாங்குல மட்டும் 52 பேரு செத்தாங்க, அப்பாவுக்கு நான் இத விளக்கவே வேணாம். வேற மாதிரி வாசிக்கிற நல்ல விசுவாசிகளும் இருக்காங்க, சண்டை வேணாம். ஆனா 5:13ல சமுத்திரத்துல இருக்கிற ஜீவன்கள் எல்லாம் ஆட்டுக்குட்டியானவர, அதாவது இயேசுவ, துதிக்குது, துதிக்கிறத தூக்கி எறியிறவரா அவரு?

அந்த அண்ணன் சொல்றது, பூமி எரிஞ்சுபோகும்னு வர்ற 2 பேதுரு 3. அதே அதிகாரத்துல பேதுரு நோவா காலத்து உலகமும் தண்ணியில அழிஞ்சதுன்னு சொல்றாரு, ஆனா தண்ணி வடிஞ்சதும் நோவா காலு வெச்சது அதே மண்ணுலதான். ரோமர் 8:22ல சிருஷ்டி படுறது பிரசவவேதனை, சாகுற வேதனை இல்ல. "சகலத்தையும் புதிதாக்குகிறேன்"னுதான் சிங்காசனத்துல இருக்கிறவர் சொல்றாரு, வேற ஒண்ணு செஞ்சுக்கிறேன்னு சொல்லல.

இப்ப அப்பாவுக்கு. எசேக்கியேல் 47 எடுங்க. ஆலய வாசப்படிக்குக் கீழேர்ந்து தண்ணி புறப்பட்டு, கணுக்கால், முழங்கால், இடுப்புன்னு ஏறி, அப்புறம் நீச்சல் ஆழம் ஆயிடுது, அது போயி மீனே இல்லாத உப்புக்கடல்ல விழுந்து அந்தத் தண்ணிய ஆரோக்கியமாக்குது. 10ஆம் வசனத்த மெதுவா வாசிங்க: கரையோரமா மீன்பிடிக்கிறவங்க நிக்கிறாங்க, வலை காயப்போட இடம் இருக்கு, மீனும் வகைவகையா ஏராளம். வெளிப்படுத்தல் 22ல வர்ற ஜீவத்தண்ணி ஆறு இந்த ஆத்தோட தொடர்ச்சிதான். அதோட யோவான் 21 வாசிங்க, உயிர்த்தெழுந்த இயேசு திபேரியா கடற்கரையில கரிநெருப்புல மீன் வெச்சுக்கிட்டு, நீங்க பிடிச்சதுலயும் கொஞ்சம் கொண்டாங்கன்னு கேக்குறாரு.

கேள்வி: செத்ததும் பரலோகம் போயிடறோமே, அப்புறம் புதிய பூமி எதுக்கு?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கர்த்தரோட இருக்கிறது நிஜம், ஆனா அது காத்திருக்கிற காலம் பிரதர். முடிவு சரீர உயிர்த்தெழுதல், 1 கொரிந்தியர் 15 முழுக்க அதுதான், சரீரம்னா நிக்க பூமி வேணும்ல. கடைசியில நாம மேல ஏறிப் போகல, வெளிப்படுத்தல் 21ல புதிய எருசலேம் நகரம்தான் கீழ இறங்கி வருது, தேவனே மனுஷரோட குடியிருக்க வர்றாரு.