திரண்டு வந்தார்களா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப்போர்க்கால பிரிட்டன் பற்றிய கட்டுரையில், பெண்கள் தொழிற்சாலைகளுக்குத் திரண்டு வந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சட்டம் போட்டுத்தான் இழுத்தார்கள் என்கிறாள் என் தோழி. எது சரி?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

தோழி சொல்வதுதான் சரி. 'திரண்டு வந்தார்கள்' என்பது யோசிக்காமல் எழுதிய வரி. விரும்பி வந்தவர்களும் நிறையப் பேர் உண்டு, ஆனால் தேவைக்கு அது போதவில்லை. தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் 1941 ஏப்ரலில் இளம்பெண்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு வரச்சொல்லி, பெயர் பதியும் வேலையைத் தொடங்கினார். டிசம்பரில் சட்டமே வந்துவிட்டது. 20 முதல் 30 வயது வரையிலான மணமாகாத பெண்களும் குழந்தையில்லாத விதவைகளும் படைகளின் துணைப்பிரிவு, குடிமக்கள் பாதுகாப்பு, தொழிற்சாலை ஆகியவற்றில் ஒன்றுக்குப் போயாக வேண்டும். எழுத்தில் சம்மதம் தராதவளை ஆயுதம் இயக்கச் சொல்லக்கூடாது என்று ஒரு விலக்கு மட்டும் வைத்தார்கள்.

பதிந்தவர்களை 'இடம் பெயரக்கூடியவள்', 'பெயர முடியாதவள்' என்று பிரித்தார்கள். வீட்டில் கணவன் இருந்தால் உள்ளூர் வேலை. தனியாள் என்றால் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அப்புறம் பதிவு வயது 50 வரைக்கும் நீண்டது. பாட்டிகளையும் விடமாட்டார்களா என்று ஊரே முணுமுணுத்தது.

1942இல் தீக்காவலும் பெண்களுக்குக் கட்டாயமானது. இரவு முழுக்கக் கட்டடத்தில் விழித்திருந்து, தீக்குண்டு விழுந்தால் மணல்வாளியும் கைப்பம்புமாக ஓடி அணைக்க வேண்டும். குண்டு ஆளைப் பார்த்தா விழுகிறது? ஆனால் அடிபட்டால் பெண்ணுக்கு வாரத்துக்கு 7 ஷில்லிங் குறைவாகத்தான் இழப்பீடு! பெண் உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் நாடாளுமன்றத்தில் சண்டை போட்டு, 1943இல்தான் அது சமமானது.

நீங்கள் கேட்காத ஒருவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேத்லீன் லான்ஸ்டேல் என்ற படிகவியல் அறிஞர், அதாவது படிகங்களுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று ஆராய்பவர். பென்சீன் என்ற வேதிப்பொருளின் கார்பன் அணு வளையம் தட்டையானது என்று எக்ஸ்ரேயால் காட்டியவர். போரை ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், போர் எதிர்ப்பாளர். தீக்காவலை அவர் தானாகவே செய்துகொண்டிருந்தார். மூன்று சிறு பிள்ளைகளின் தாய் என்பதால், பதிந்திருந்தால் விலக்கும் கிடைத்திருக்கும். ஒரு கையெழுத்துதான் மிச்சம். போருக்கான கட்டாயத்துக்குத் தலையாட்ட மாட்டேன் என்று அதைப் போட மறுத்தார். 2 பவுண்டு அபராதத்தையும் கட்டவில்லை. 1943 ஜனவரியில் ஒரு மாதம் ஹாலோவே சிறைக்கு அனுப்பினார்கள். அங்கே கொடுத்த வேலை போக, மிச்ச நேரத்தில் ஆய்வுக் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தார். 1945இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி முதன்முதலாக இரண்டு பெண்களை உறுப்பினராக்கியபோது அவர்களில் ஒருவர் இவர்.

கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன். தோழிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.