இறுதியாண்டு ஆய்வுக்கு எந்த மூலிகையை எடுத்தால் இரசாயனக் கூறுகளையும் கிருமி எதிர்ப்பையும் எளிதாகக் காட்டலாம்?

"எளிதாக" என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் யாரென்று தெரியாது, ஆனால் உங்கள் நிலைமை தெரியும். மூன்றாம் ஆண்டு முடியப் போகிறது. தலைப்புக் கொடுக்க இரண்டு கிழமைதான் இருக்கிறது. மேற்பார்வையாளர் "ஏதாவது மூலிகையில் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நானும் அப்படி நின்றவன்தான். நான் எடுத்தது நொச்சி. அதில் விஞ்ஞானக் காரணம் எதுவும் இல்லை. மட்டக்களப்பு மண்டூரில் என் பெரியம்மா வீட்டு வேலி முழுவதும் நொச்சி நின்றது. இலையும் இலவசம், மத்தியானச் சோறும் இலவசம்.

குருமண்வெளியில் பாதை ஏறி (வெளியூர்க்காரர்களுக்கு: வாவியைக் கடக்க எங்கள் பக்கம் ஓடும் மிதவைப் படகுக்குப் பாதை என்றுதான் பெயர்) நானும் நண்பனும் போனோம். சாப்பிட்டுவிட்டு, உச்சி வெயிலில் இலை பறித்து, யூரியாப் பையில் அமுக்கிக் கட்டி, இரண்டு பஸ் மாறி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தோம். பையை அவிழ்த்துக் கையை விட்டால், அவித்த நெல்லுக்குள் விட்டதுபோல் சூடு. பாதி இலை கறுத்துவிட்டது. மணமுள்ள இலையில் நமக்கு வேண்டிய பொருள் ஆவியாகிப் பறக்கும் பொருள். அதை மூன்று மணி நேரம் புழுங்க வைத்துவிட்டு "நொச்சி எண்ணெயின் கூறுகள்" என்று தலைப்புப் போடுவது எவ்வளவு பெரிய பொய் என்று அன்று எங்களுக்குத் தோன்றவில்லை.

அடுத்தது இலையிலிருந்து எண்ணெய் வடிக்கும் கிளெவஞ்சர் கருவி. 1928இல் வந்த கண்ணாடிச் சாமான், இன்றைக்கும் அதுதான். குடுவையில் இலையும் தண்ணீரும் கொதிக்க, ஆவி மேலே ஏறி, குளிர்த்தியில் பட்டுத் திரவமாகி இறங்கும். எண்ணெய் தண்ணீருக்கு மேலே மிதக்கும். புத்தகத்தில் இவ்வளவுதான். புத்தகம் எழுதியவருக்கு மட்டக்களப்பின் சித்திரை மாதம் தெரியாது. எங்கள் குளிர்த்திக்குத் தண்ணீர் வந்தது மொட்டை மாடித் தாங்கியிலிருந்து. பன்னிரண்டு மணிக்கு அந்தத் தண்ணீரில் தேநீர் போடலாம். ஆய்வுகூடம் முழுக்க நொச்சி மணம் கமகமத்தது. வந்தவர்கள் எல்லாம் "ஆகா" என்றார்கள், எங்களுக்கும் பெருமை. மூக்குக்கு வந்த மணம் அத்தனையும் குழாயில் சேராமல் போன எண்ணெய் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது. பிறகு மீன் வாடியில் ஐஸ் கட்டி வாங்கி, வாளியில் போட்டு, மீன் தொட்டி மோட்டரால் அந்தத் தண்ணீரைச் சுற்றவிட்டோம். அரைக் கிலோ புது இலைக்கு, மூன்று மணி நேரத்தில், அரை மில்லிலீற்றர். வெளிர் மஞ்சள் நிறத்தில், குழாயின் கழுத்தில் ஒரு நகத்தளவுக்கு நின்றது. அதைப் பார்த்த சந்தோசம் எனக்கு இன்றுவரை வேறெதிலும் வரவில்லை, சொன்னால் மனைவி கோபிப்பார்.

எண்ணெயைக் கூறுகள் பார்ப்பதற்கென்று ஒதுக்கிவைத்துவிட்டு, கிருமிச் சோதனைக்கு இலையை மெதனோலில் ஊறவைத்துச் சாறு எடுத்தோம். ஆறு மில்லிமீற்றர் தாள் வட்டுகளைச் சாற்றில் நனைத்து, ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியா பரப்பிய தட்டிலும் ஈ. கோலை என்ற பற்றீரியா பரப்பிய தட்டிலும் வைத்தோம். மறுநாள் காலை இரண்டிலும் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம். 13 மில்லிமீற்றர்! உடனே பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "கிருமி செத்துவிட்டதா மனே?" என்று கேட்டார். "செத்துவிட்டது பெரியம்மா" என்றேன்.

இரண்டு கிழமை கழித்து, பரீட்சார்த்தமாக வகுப்பில் பேசிக் காட்டினோம். எனக்கு இரண்டு ஆண்டு இளைய மாணவி ஒருத்தி எழுந்து, "அண்ணா, வெறும் மெதனோல் வட்டு எங்கே?" என்று கேட்டாள். வைக்கவில்லை. மறுபடி செய்தோம். வெறும் மெதனோலில் நனைத்து ஈரத்தோடு வைத்த வட்டைச் சுற்றியும் 10 மில்லிமீற்றர். எங்கள் கிருமிகளில் பெரும்பங்கைக் கொன்றது நொச்சி அன்று, மெதனோல். வட்டை நன்றாக உலர்த்தி வைத்தபோது ஸ்டெஃபிலோகொக்கஸில் 8 மில்லிமீற்றர் நின்றது, அதில் வட்டே ஆறு. ஈ. கோலையில் ஒன்றுமில்லை. அதில் வியப்பும் இல்லை: அந்த வகைப் பற்றீரியாவுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருக்கிறது, தாவரப் பொருட்கள் பலவற்றை அது உள்ளே விடாது.

இதற்கிடையில் பெரியம்மா ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார். என் மாமாவுக்குச் சீனி வருத்தம், காலில் புண். "பிள்ளை பல்கலைக்கழகத்தில் நிரூபித்துவிட்டான்" என்று கிளினிக்கை விட்டுவிட்டு நொச்சித் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார், ஒரு விரலை எடுத்தார்கள். மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்போது போனாலும் நான்தான் அவர் காலைப் பார்க்காமல் பேசுவேன்.

இதை வாசித்துவிட்டு "இவன் சித்த வைத்தியத்துக்கு எதிரி" என்று கருத்துப் பெட்டிக்குள் பாயத் தயாராக இருக்கும் அன்பர்களே, சற்றுப் பொறுங்கள். தடிமன் வந்தால் நானும் நொச்சி போட்டுத்தான் ஆவி பிடிக்கிறேன். ஆடாதோடையின் வாசிசின் என்ற அல்கலொய்டைப் பின்பற்றித்தான், மருந்துக்கடையில் சளிக்கு விற்கும் புரோம்ஹெக்சின் உருவானது. சீனத்தில் தூ யூயூ என்ற விஞ்ஞானி மலேரியாவுக்கு மூலிகை தேடியபோது, கொதிக்கவைத்து எடுத்த சாற்றில் வலு நிற்கவில்லை. கே ஹொங் என்ற பழைய வைத்தியரின் ஏட்டில் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருப்பதைக் கண்டு, குறைந்த சூட்டில் கொதிக்கும் ஈதரில் சாறெடுத்தார். 2015இல் நோபல் பரிசு. நான் இலையை யூரியாப் பையில் அவித்தவன். எங்கள் இருவருக்கும் இடையில் உள்ள தூரம் அதுதான்.

கொழும்பில் காசு கட்டிச் செய்வித்த ஜிசி-எம்எஸ் (கலவையின் கூறுகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் வரைபில் ஓர் உச்சியாகக் காட்டும் கருவி) அறிக்கையையும் சொல்லவேண்டும். எண்ணெயில் கரியோஃபிலீன், சபினீன் எல்லாம் ஒழுங்காக வந்தன. கூடவே கொடுத்த மெதனோல் சாற்றில் தாலேற்று ஒன்று பெரிய உச்சியாக நின்றது. நண்பன் அதைத் தேடிப் பார்த்து, "கிருமி எதிர்ப்புள்ள தாவரக்கூறு" என்று எழுதியே விட்டான். அது பிளாஸ்டிக்கை மெதுவாக்கப் போடும் சாமான். நாங்கள் சாற்றைப் பிளாஸ்டிக் போத்தலில் வைத்திருந்தோம். கருவி பெயரை அறிந்து சொல்வதில்லை, தன் நூலகத்தில் உள்ளவற்றில் கிட்டத்தட்டப் பொருந்துவதைச் சொல்கிறது. அளவுகோலாக நேர்ச்சங்கிலி அல்கேன் என்ற தெரிந்த சேர்மங்களைக் கருவியில் ஓடவிட்டு, ஒவ்வொரு உச்சியும் வரும் நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் பட்டியலை அப்படியே ஒட்டாதீர்கள். நொச்சிக்கு பிளாஸ்டிக் சுரக்கிறது என்று எழுதிய கட்டுரைகளின் குடும்பத்தில் நீங்களும் சேர்ந்துவிடுவீர்கள்.

மூலிகைத் தோட்டம் போட்டு, விடியற்காலை இலையைக் கைக்கெட்டிய தூரத்தில் பறிக்கலாமே என்று கேட்பீர்கள். ஆசிரியரான பிறகு நான் போட்டேன். துளசி, கற்பூரவல்லி, ஆடாதோடை. ஒரே இரவில் கட்டாக்காலி மாடுகள் வந்து முடித்துவிட்டன. ஆடாதோடையைத் தின்னவில்லை, மிதித்தன. இந்த மாடுகளுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள், பால் கறக்கும் நேரத்தில் சரியாக வருகிறார்கள். இரவில் பிரதான வீதியில் அவை படுத்திருக்க, மோட்டார் சைக்கிளில் போய் மோதி விழுபவனுக்கு மட்டும் சொந்தக்காரர் யாருமில்லை. சபைக்கு மூன்று கடிதம் கொடுத்தேன். எந்தச் சபை என்று சொல்லமாட்டேன், எனக்கு இன்னும் அங்கே வீட்டு வரி இருக்கிறது. சரி, அதை விடுவோம்.

எந்த மூலிகை என்றுதானே கேட்டீர்கள்? கறுவா. ஒரே மரத்தின் பட்டையில் சின்னமல்டிகைட்டு, இலையில் யூஜினோல், வேர்ப்பட்டையில் கற்பூரம் மேலோங்கி நிற்கும். "கறுவாவில் என்ன இருக்கிறது" என்ற கேள்வியே பிழை, எந்தப் பகுதியில் என்று கேட்கவேண்டும் என்பது, கூறுகளைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் மெல்லிய படலத் தகட்டிலேயே கண்ணுக்குத் தெரியும், கொழும்புக்குக் காசு கட்டத் தேவையில்லை. கிருமிச் சோதனை கட்டாயம் வேண்டுமென்றால் வளையத்தை அளக்காதீர்கள். கிருமி வளர்க்கும் தண்ணீர்ப்பசையான அகாரில் எண்ணெய் சரியாகப் பரவாது, வளையத்தின் அகலம் வலுவைச் சொல்லாது. ஐதாக்கிக்கொண்டே போய், எந்த மிகக் குறைந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று பாருங்கள். வெறும் கரைப்பானை மறக்கவேண்டாம். ஊதாக் கரைசல் மஞ்சளாக மாறும் ஒட்சியேற்றத் தடுப்புச் சோதனையைச் செய்து பக்கம் நிரப்பவும் வேண்டாம். அதில் பிளேன்டீயை ஊற்றினாலும் ஊதா மறையும்.

நொச்சிதான் என்று பிடிவாதமாக இருந்தால், பூவோடு ஒரு கொப்பை அழுத்தி உலர்த்தி, பேராதனை தேசிய உலர்தாவரகத்தில் பெயரை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரே செடியில் மூவிலையும் ஐயிலையும் வரும், இலையை எண்ணி நம்பவேண்டாம். பையைக் கட்டாமல் ஈரச்சாக்கில் கொண்டுவாருங்கள். ஐஸ் வாங்கும்போது ஆய்வுக்கு என்று சொல்லாதீர்கள். மீனுக்கு என்றால் பாதி விலை.