83 பிஎஸ் போதுமா, 120 வேணுமா? கோத்தகிரி ஏறுற குடும்பத்துக்கு எந்த இன்ஜின்

திருப்பூர்ல இருந்து ஒரு வாசகர் கேட்டுருக்கார். வீட்ல அவர், மனைவி, ரெண்டு பசங்க, அம்மா, ஆக அஞ்சு பேர். கம்பெனிக்கு போக ஆறு கிலோமீட்டர் வர ஆறு கிலோமீட்டர், மனைவியோட ஊர் கோத்தகிரிங்கறதால மாசம் ரெண்டு தடவையாவது மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறியாகணும், எல்லாம் சேத்து மாசம் 900 கிலோமீட்டர் ஓடும்ங்கறார். பட்ஜெட் ஆன் ரோடு 12 லட்சம். நாலு மீட்டர் எஸ்யூவி பாத்துட்டு இருக்கார், அதுல 1.2 லிட்டர் பெட்ரோல்ல சன்ரூஃப் வச்ச மேல் வேரியண்ட் ஒண்ணு, கிட்டத்தட்ட அதே காசுக்கு 1.0 டர்போல நடு வேரியண்ட் ஒண்ணு, இதுல எதுன்னு குழப்பம். நடுவுல மச்சான் டீசல்தான் வாங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாராம். மனைவியும் ஓட்டுவாங்க, ஆட்டோமேட்டிக் எடுக்கலாமான்னும் கேக்குறார்.

முதல்ல அந்த 83, 120ங்கற பிஎஸ் நம்பரை, அதாவது இன்ஜினோட உச்ச பவரை, கொஞ்சம் ஓரமா வைங்க சார். ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட் ரெண்டுலயும் 1.2 பெட்ரோல் 83 பிஎஸ், 1.0 டர்போ 120 பிஎஸ், 1.5 டீசல் 116 பிஎஸ்னு போட்டுருப்பாங்க. இதுல பெட்ரோல் ரெண்டும் அந்த பவரை குடுக்குறது 6000 ஆர்பிஎம்ல, அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு 6000 சுத்து சுத்துறப்போ. குடும்பத்தை வச்சுக்கிட்டு 6000 ஆர்பிஎம்ல யாரு ஓட்டுறா? அம்மா பின்னாடி இருந்து "மெதுவா போப்பா"ன்னு சொல்ற வண்டில மீட்டர் முள்ளு 3000 தாண்டுறதே அபூர்வம். நீங்க பாக்க வேண்டியது 2000 ஆர்பிஎம்ல அந்த இன்ஜின்கிட்ட என்ன இருக்குங்கறதுதான், அது டார்க் (இன்ஜின் முறுக்கி இழுக்குற விசை) நம்பர்லயும் அந்த டார்க் எந்த ஆர்பிஎம்ல வருதுங்கறதுலயும் இருக்கு. 1.2க்கு டார்க் சுமார் 114 என்எம், அதுவும் 4000 ஆர்பிஎம்ல. டர்போக்கு 172 என்எம், 1500ல இருந்து 4000 வரைக்கும் அப்படியே நிக்கும். டீசலுக்கு 250 என்எம், 1500ல இருந்து 2750 வரைக்கும்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். என்எம்மை ஆர்பிஎம்மால பெருக்கி 7000ஆல வகுத்தீங்கன்னா அந்த நேரத்துல இன்ஜின் தர்ற பிஎஸ் கிட்டத்தட்ட வந்துரும். கோத்தகிரி ரோட்ல நல்ல ஏத்தம் ஒண்ணு, நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயர்ற மாதிரி வச்சுக்கோங்க, தேர்ட் கியர், 40 கிலோமீட்டர் வேகம், ஆர்பிஎம் 2000 பக்கம் இருக்கும். வண்டி, அஞ்சு பேர், ஊருக்கு கொண்டு போற மூட்டை எல்லாம் சேத்து 1500 கிலோ. இந்த எடையை அந்த வேகத்துல அந்த ஏத்தத்துல இழுக்க மட்டும் 19, 20 பிஎஸ் வேணும், கியர்பாக்ஸ்ல போற நஷ்டமும் ஏசியும் சேந்தா 25 பக்கம் வந்துரும். இப்போ 1.2 இன்ஜின் 2000ல முழு 114 குடுக்காது, ஒரு 100 என்எம்னு தாராளமா வச்சாலும் 28 பிஎஸ்தான். டர்போல அதே 2000ல 49 பிஎஸ், டீசல்ல 71. அதாவது 1.2ல ஆக்சிலேட்டரை தரையோட அமுக்குனாலும் கைல மிச்சம் மூணு பிஎஸ், முன்னாடி போற லாரியை தாண்டணும்னா வாய்ப்பே இல்ல.

இதோட முடியல. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டர் சொச்சம், கோத்தகிரி 1700 மீட்டருக்கும் மேல, நடுவுல இருக்குறது 33 கிலோமீட்டர். மேல போகப்போக காத்து மெலிசாகும், டர்போ இல்லாத இன்ஜின் தானா இழுக்குற காத்தை நம்பித்தான் ஓடுது, அதனால ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் பவர் போகும், கோத்தகிரி கிட்ட போறப்போ 15 சதவீதத்துக்கு மேல காணாம போயிருக்கும். அந்த 28 பிஎஸ் 24 ஆகுது, தேவை 25. தேர்ட் கியர்ல வண்டி திணறி நிக்கும், செகண்டுக்கு வந்தே ஆகணும். டர்போ வண்டில டர்போவே காத்தை அமுக்கி உள்ள தள்றதால இந்த இழப்பை பெரும்பாலும் அதுவே ஈடுகட்டிரும்.

அப்போ 1.2 மலைக்கு லாயக்கில்லையான்னா, அப்படி இல்ல. செகண்ட் கியர் போட்டு 3500 ஆர்பிஎம்ல வச்சீங்கன்னா அதே இன்ஜின் 56 பிஎஸ் தரும், தாராளமா ஏறும். நீலகிரில எத்தனை ஆல்ட்டோ, வேகன்ஆர் தினம் ஏறி இறங்குது, அதுல நிறைய 67 பிஎஸ் பக்கம் இருக்குற வண்டிங்கதான். விஷயம் என்னன்னா டிரைவர் கியரை மாத்திக்கிட்டே இருக்கணும், இன்ஜின் கத்துறதை பொறுத்துக்கணும், ஹேர்பின் வளைவுல லேட்டா செகண்ட் போட்டு வண்டி ஆஃப் ஆகி பின்னாடி பஸ் ஹார்ன் அடிக்கிறப்போ பதறாம இருக்கணும். கை பழகுன ஆளுக்கு இது ஒரு விஷயமே இல்ல. வருஷத்துக்கு ரெண்டு தடவை மட்டும் மலை ஏர்ற குடும்பமா இருந்தா நான் கண்ணை மூடிக்கிட்டு 1.2 வாங்குங்கன்னுதான் சொல்லுவேன், ஏன்னா ஊருக்குள்ள அதுதான் சுகம்.

ஊருக்குள்ள சுகம்னு சொன்னதுக்கு காரணம் இருக்கு, இதை ஷோரூம்ல யாரும் சொல்ல மாட்டாங்க. டர்போ வேலை செய்ய எக்ஸாஸ்ட் காத்து வேகமா வரணும், 1500 ஆர்பிஎம்முக்கு கீழ அது பத்தாது, அந்த நேரத்துல உங்ககிட்ட இருக்குறது வெறும் ஒரு லிட்டர் மூணு சிலிண்டர் இன்ஜின்தான். திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாயங்காலம் ஊர்ந்து ஊர்ந்து போறப்போ செகண்ட் கியர்ல கொஞ்சம் சோம்பலா இருந்துட்டு திடீர்னு ஒரு தள்ளு தள்ளும், பழகுற வரைக்கும் எரிச்சலா இருக்கும். ஹூண்டாயோட 1.2 நாலு சிலிண்டர், ஐடில்ல நின்னா ஓடுதா இல்லையான்னே தெரியாது, கிளட்ச்சை விட்டா அப்படியே நகரும்.

டர்போவோட மைலேஜும் நம்ம கையில இல்ல, கால்ல இருக்கு. மெதுவா ஓட்டுனா 1.2 பக்கத்துலயே வரும், அமுக்குனா ஒம்பது பத்துக்கும் இறங்கும். ஊரும் மலையும் கலந்து 1.2 பதினாலு, டர்போ பன்னெண்டுன்னு வச்சுக்கிட்டா உங்க 900 கிலோமீட்டருக்கு மாசம் பதினோரு லிட்டர் அதிகம், லிட்டர் 100 ரூபான்னா 1100 ரூபா. கம்பெனி போட்ட மைலேஜை பாத்து கணக்கு போடாதீங்க, அது லேப்ல எடுத்தது, அதோட இப்போ பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால்ல பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு எனர்ஜி கம்மி, ரெண்டு இன்ஜினுக்குமே அது அடிதான். டர்போ எடுத்தா ஆயில் விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், மேனுவல்ல சொன்ன கிரேடு ஃபுல் சிந்தெட்டிக் ஆயில், சொன்ன கிலோமீட்டருக்கு முன்னாடியே மாத்துறது நல்லது, மலை ஏறி மேல போய் சேந்ததும் சாவியை உடனே திருப்பாம ஒரு நிமிஷம் ஐடில்ல விட்டு அணைங்க.

மச்சான் சொல்ற டீசல். மலைக்கு அதை அடிச்சுக்க ஆளே இல்ல, மேல இருக்குற 71 பிஎஸ் கணக்கே சொல்லும், தேர்ட் கியர்ல போட்டு அம்மாகிட்ட பேசிக்கிட்டே ஏறலாம். ஆனா உங்க தினசரி ஓட்டம் ஆறு கிலோமீட்டர், அங்கதான் சிக்கல். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததுல இருந்து டீசல் கார்ல எல்லாம் டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு, அது புகைக்கரியை பிடிச்சு வச்சு, எக்ஸாஸ்ட் நல்லா சூடானதும் எரிச்சு சுத்தம் பண்ணிக்கும். ஆறு கிலோமீட்டர்ல வண்டி சூடாகுறதுக்குள்ள கம்பெனி வந்துரும், வாரக்கணக்குல இப்படியே ஓடுனா ஃபில்டர் அடைச்சு டேஷ்போர்டுல லைட் எரியும், அப்புறம் பைபாஸ்ல கொண்டு போய் ஒரே வேகத்துல ஓட்டணும், அதையும் கண்டுக்காம விட்டா சர்வீஸ் சென்டர்ல போய்த்தான் நிக்கணும். நீங்க மாசம் ரெண்டு தடவை லாங் போறதால ஓரளவு தப்பிக்கலாம், ஆனா பணக்கணக்கும் உதவல. பெட்ரோல் 100, டீசல் 92ன்னு வச்சு, 1.2 பதினாலும் டீசல் பதினெட்டும் குடுத்தா கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபா மிச்சம், மாசம் 1800. டீசலுக்கு ஆன் ரோடு ஒன்றரை லட்சம் கூட குடுத்தீங்கன்னா அதை எடுக்கவே ஏழு வருஷம் பக்கம் ஆகும். மச்சான் மாசம் 2500 கிலோமீட்டர் ஓட்டுற ஆளா இருந்தா அவர் சொல்றது அவருக்கு சரி. டெல்லில கொண்டு வந்த மாதிரி பத்து வருஷத்துல டீசலை ஒதுக்குற ரூல் நம்மூர்ல இல்ல, அந்த பயம் வேண்டாம்.

சிஎன்ஜியை நீங்க கேக்கல, ஆனாலும் யாராவது சொல்லுவாங்க. பவர் இன்னும் குறையும், பல வண்டில டிக்கியை சிலிண்டர் முழுங்கிரும், அஞ்சு பேரோட கோத்தகிரிக்கு வேண்டாம்.

இப்போ பணம். நாலு மீட்டருக்குள்ள இருக்குற வண்டில பெட்ரோல் 1200 சிசி, டீசல் 1500 சிசி தாண்டாம இருந்தா 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டுனா 40. இந்த ஒரு லிட்டர் டர்போவெல்லாம் இவ்ளோ பிரபலமானதே இந்த கோட்டுக்குள்ள நிக்கத்தான். அதை விட உங்களை கடிக்கப்போறது நம்ம தமிழ்நாட்டு ரோடு டாக்ஸ். 2023 நவம்பர்ல மாத்துனதுல 5ல இருந்து 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம், 10ல இருந்து 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம், அதுவும் மேல இருக்குற மிச்சத்துக்கு மட்டும் இல்ல, மொத்த விலைக்கும். 9 லட்சத்து 90 ஆயிரம் வண்டிக்கு வரி 1,28,700. 10 லட்சத்து 20 ஆயிரம் வண்டிக்கு 1,83,600. முப்பதாயிரம் ரூபா சன்ரூஃபுக்கு ஆசைப்பட்டு ஐம்பத்தஞ்சாயிரம் கவர்மெண்டுக்கு கட்டுற கதை ஷோரூம்ல தினம் நடக்குது. (சன்ரூஃப் நம்ம வெயிலுக்கு எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல, பசங்க தலையை வெளிய நீட்டுறதுக்குத்தான் யூஸ் ஆகுது, அது ஆபத்து வேற.) கொட்டேஷன் வாங்குறப்போ எக்ஸ் ஷோரூம் விலையையும் ரோடு டாக்ஸையும் தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க.

அதனால உங்களுக்கு என் பதில் டர்போ பெட்ரோல், ஆனா 10 லட்சத்துக்கு கீழ எக்ஸ் ஷோரூம் வர்ற வேரியண்ட். வரி குறைஞ்சதுக்கு அப்புறம் சில மாடல்ல டர்போவோட கீழ் வேரியண்ட் அந்த கோட்டுக்குள்ள வந்துருச்சு. சன்ரூஃப், பெரிய ஸ்கிரீன், அலாய் வீல் எல்லாம் போகட்டும், ஆனா வண்டி வழுக்காம பிடிக்கிற ஈஎஸ்சி, ஏத்தத்துல பின்னாடி உருளாம பிடிக்கிற ஹில் ஹோல்ட், ஆறு ஏர்பேக் இதை மட்டும் விட்டுக்குடுக்காதீங்க, இது இல்லாத டர்போவை விட இது இருக்குற 1.2 எவ்வளவோ மேல். கவனிச்சு பாருங்க, டர்போ எல்லாம் ஒண்ணு கிடையாது. மாருதி ஃப்ராங்ஸோட 1.0 டர்போ 100 பிஎஸ், 148 என்எம்தான், ஆனா வண்டி வெயிட்டும் கம்மி. மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓல 1.2 டர்போ 112 பிஎஸ்தான் பேப்பர்ல, டார்க் 200 என்எம். பிஎஸ் நம்பரை மட்டும் பாத்தா இது வென்யூவை விட பின்னாடின்னு தோணும், மலைல நிலைமை தலைகீழ்.

டெஸ்ட் டிரைவ் பேருக்கு போயிட்டு வராதீங்க. சேல்ஸ்மேன் ஒருத்தரோட காலி வண்டில அவிநாசி ரோட்ல ஒரு ரவுண்டு போனா எல்லா காருமே பறக்கும். வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு போங்க, ஏசி ஃபுல்லா வைங்க, ஏதாவது ஒரு மேம்பாலத்துல ஏர்றப்போ தேர்ட் கியர் 40ல இருந்து அமுக்கி பாருங்க, பக்கத்துல இருக்குறவர் 80 வர எத்தனை செகண்டுன்னு போன்ல எண்ணட்டும். அதே இடத்துல 1.2ஐயும் பண்ணுங்க. அன்னூர் வழியா மேட்டுப்பாளையம் போறப்போ லாரியை தாண்ட உங்களுக்கு தேவைப்படுறது அந்த செகண்டுகள்தான். அப்புறம் ஊருக்குள்ள ஃபர்ஸ்ட், செகண்ட்லயே பத்து நிமிஷம் ஊர்ந்து பாருங்க, டர்போவோட சோம்பல் உங்களுக்கு ஒத்துவருதான்னு அப்போதான் தெரியும்.

ஆட்டோமேட்டிக் பெரும்பாலும் மூணு விதமா மாட்டும். 1.2ல பல கம்பெனில ஏஎம்டி தர்றாங்க, அதாவது மேனுவல் கியர்பாக்ஸ்லயே கியர் மாத்துறதை மட்டும் மெஷின் பாத்துக்கும், ஊருக்கு ஓகே, மலைல நடு ஹேர்பின்ல கியர் மாத்த யோசிச்சு ஒரு நொடி தொங்கும், மேனுவல் மோட்ல போட்டு ஓட்டுனாதான் சரிப்படும். வென்யூ, சோனெட் டர்போல வர்றது ரெண்டு கிளட்ச் வச்ச டிசிடி, நல்ல ரோட்ல அருமை, ஆனா உள்ள இருக்குறது கிளட்ச்தான், சீசன் நேரத்துல மலைல டிராஃபிக் நின்னு நின்னு நகர்றப்போ ஏத்தத்துல ஆக்சிலேட்டராலேயே வண்டியை பிடிச்சு வச்சா கிளட்ச் சூடாகி வார்னிங் வரும். பிரேக்கை அமுக்கி நில்லுங்க, முன்னாடி ஒரு வண்டி நீளம் கேப் கிடைச்சதும் நகருங்க. மூணாவது டார்க் கன்வெர்ட்டர், கிளட்ச்சுக்கு பதிலா ஆயில் மூலமா பவரை கடத்துறது, ஃப்ராங்ஸ் டர்போலயும் 3எக்ஸ்ஓலயும் இருக்கு, மைலேஜ் ஒண்ணு ரெண்டு குறைஞ்சாலும் உங்க ரூட்டுக்கு இதுதான் நிம்மதி. மனைவி மலைலயும் ஓட்டுவாங்கன்னா, பத்து லட்சம் கோட்டை தாண்டுறதுக்கு நான் ஒத்துக்குற ஒரே காரணம் இதுதான். ஊருக்குள்ள மட்டும்தான் ஓட்டுவாங்கன்னா மேனுவலே போதும். எந்த ஆட்டோமேட்டிக் எடுத்தாலும் இறங்குறப்போ டிரைவ்ல விட்டுட்டு பிரேக்கையே மிதிச்சுட்டு வராதீங்க, பிரேக் சூடாகி பிடிக்காம போயிரும், மேனுவல் மோட்ல செகண்ட் கியர் போட்டு இன்ஜினை விட்டு பிடிக்க வைங்க, அதை அவங்களுக்கு முதல்லயே பழக்கி விடுங்க.