குப்பியைப் பார்க்காமல் முகத்தைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: நெற்றிச் சுருக்கத்துக்கு போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள்ள ஆசை. அது விஷம் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா? (வாசகி, திருச்சி)

விஷம்தான். சரியாகப் பதப்படுத்தாத டப்பா உணவில் வளரும் ஒரு பாக்டீரியா சுரப்பது. அதைத் துளியிலும் துளியாகத் தசையில் செலுத்தினால் நரம்பின் கட்டளை தசைக்கு எட்டாது. தசை தளரும், மேலே தோல் மடிவதும் குறையும். அமெரிக்காவில் 1989-இல் மாறுகண் சிகிச்சைக்கு வந்த இந்த மருந்துக்கு, புருவ நடுவிலுள்ள கோடுகளுக்கான அனுமதி 2002-இல்தான் கிடைத்தது. பலன் மூன்று நான்கு மாதம்தான் நிற்கும் என்பதால், ஒரு தடவைச் செலவு என்று கணக்குப் போடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கும் வேண்டாம்.

கேள்வி: தெருமுனை அழகு நிலையத்தில் பாதி விலைக்குப் போடுகிறார்கள். போகலாமா? (மதுரை)

கூடாது.

கேள்வி: 'நெற்றி முழுவதும் 6,000 ரூபாய்' என்ற விளம்பரத்தை நம்பிப் போனேன். மருந்தை ஊசியில் நிரப்பியே கொண்டுவந்தார்கள். ஐந்தாம் நாள் இடது இமை தொங்கிவிட்டது. மகளின் நிச்சயதார்த்தப் படங்களில் எல்லாம் ஒரு கண் பாதி மூடியிருக்கிறது. பில்லில் 'தோல் சிகிச்சை' என்று மட்டும் இருக்கிறது. என் புத்தியைத்தான் நொந்துகொள்ள வேண்டுமா? (கோவை)

வேண்டாம், அம்மா. நம்பியது குற்றமில்லை. முதலில் கண்ணைக் கவனியுங்கள். நல்ல மருத்துவர் கையிலும் மருந்து இமைத் தசைக்குப் பரவுவது உண்டு. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகும். ஆனாலும் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். விழுங்கவோ பேசவோ மூச்சு விடவோ சிரமம் வந்தால் அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி என் நெடுநாள் ஆற்றாமை. 'நெற்றி இவ்வளவு, கண்ணோரம் இவ்வளவு' என்று மனை விற்பதுபோல் விலை சொல்கிறார்களே, அதை ஏன் ஏற்கிறோம்? இந்த மருந்துக்கு அளவு யூனிட். போடாக்ஸ் குப்பியின் அடியில் ஒட்டியிருக்கும் பொடியைச் சலைன் என்ற உப்பு நீர் கலந்து கரைக்கிறார்கள். புருவ நடுவுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவு 20 யூனிட். கூடுதலாகச் சலைன் ஊற்றினால் ஊசி நிறைந்துதான் தெரியும், உள்ளே மருந்து குறைவாகத்தான் இருக்கும். கரைத்ததை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் குறிப்பு. நிரப்பிக் கொண்டுவந்த ஊசியைப் பார்த்து இதில் எதை நாம் அறிய முடியும்? குப்பியை உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் படம் எடுங்கள். எத்தனை யூனிட் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் சமமல்ல என்பதால் பெயரும் வேண்டும். முகம் சுளிப்பவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் கொடுப்பது மருத்துவரின் கடமை. காசு கொடுத்துப் பெறும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. அந்தப் புகைப்படங்களை அழித்துவிடாதீர்கள், அவை சாட்சி.

கேள்வி: இணையத்தில் குப்பி மலிவாகக் கிடைக்கிறது. வீடியோ பார்த்து நானே போட்டுக்கொள்ளலாமா? (சென்னை)

ஐயா, பழைய கார் வாங்கினால்கூட மெக்கானிக்கை அழைத்துப் போகிறோம். 2024-இல் அமெரிக்காவில் போலி போடாக்ஸ் போட்டுக்கொண்டவர்களில் சிலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். உங்கள் குப்பி எந்த வெயிலில் கிடந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தூக்கி எறியுங்கள்.

கேள்வி: ஆறு அமர்வுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். போடுவது போடாக்ஸா, ஃபில்லரா என்று கேட்கவில்லை. இரண்டும் ஒன்றுதானே? (சேலம்)

கேட்காமலே கட்டினீர்களா? போடாக்ஸ் தசையைத் தளர்த்தும். ஃபில்லர் என்பது பள்ளத்தை நிரப்பும் கூழ். அது தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், பார்வையே போகலாம். ஹயலூரானிக் அமில ஃபில்லரைக் கரைக்க ஹயலூரானிடேஸ் என்ற மருந்து உண்டு. அது கையிருப்பில் இல்லாத இடத்தில் உட்காராதீர்கள். போடுபவர் தோல் மருத்துவரா என்று மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணை வைத்துச் சரிபாருங்கள். முன்பணம் பற்றி: நானும் வேறொரு சிகிச்சைக்கு ஆறு அமர்வுப் பணத்தைக் கட்டினேன். மூன்றாம் அமர்வுக்குப் போனபோது கதவில் பூட்டு, கண்ணாடியில் 'வாடகைக்கு' என்ற அட்டை. மீதியை இன்றே எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: 'ஊசி இல்லாத போடாக்ஸ்' என்ற கிரீம் பலன் தருமா? (தஞ்சாவூர்)

2,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இரண்டு மாதம் விடாமல் தடவினேன். ஒரு கோடும் குறையவில்லை. போடாக்ஸ் மருந்து தசைக்குள் போய்த்தான் வேலை செய்யும், அதனால்தான் ஊசியே. நீங்கள் வாங்கிவிட்டிருந்தால் டப்பாவையும் விளம்பரத்தின் படத்தையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். நான் டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.