கொலுசுக் கடைக்கு லினக்ஸ் பெட்டி: நம் பில்லிங் மென்பொருளின் சோர்ஸையும் கொடுக்க வேண்டுமா?

கேள்வி இதுதான்: சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக் கடைகளுக்காக எழுதிய பில்லிங் மென்பொருளை, உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட சின்னக் கணினிப் பெட்டியில் ஏற்றி, தராசு, பில் பிரிண்டரோடு சேர்த்து விற்கப் போகிறீர்கள். ஓடுவது லினக்ஸில் என்பதால் உங்கள் சோர்ஸ் கோடையும், அதாவது நிரலின் மூல வரிகளையும், கொடுத்தாக வேண்டுமா?

லினக்ஸில் ஓடுகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கொடுக்க வேண்டியதில்லை. ஜிபிஎல் என்பது, நிரலை விநியோகித்தால் சோர்ஸையும் கொடுக்கச் சொல்லும் திறந்த மென்பொருள் உரிமம். 1991-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பிலேயே, ஒரே டிஸ்க்கில் அக்கம்பக்கத்தில் இருப்பதால் மட்டும் இன்னொரு நிரல் அதன் வளையத்துக்குள் வராது என்று எழுதியிருக்கிறது. கெர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, வழக்கமான சிஸ்டம் கால் வழியாகக் கூப்பிடும் நிரல்களுக்கும் லினக்ஸ் கெர்னலின் உரிமக் குறிப்பு தனியாக விலக்கு தருகிறது.

ஆள் மாட்டுவது வேறு இடத்தில். உங்கள் நிரல் எந்த லைப்ரரியை (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பை) உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். திரைகளைப் பைக்யூட்டி என்ற பைதான் லைப்ரரியில் எழுதியிருந்தால் வில்லங்கம்: அது ஜிபிஎல், இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கும் உரிமம், நடுவில் எதுவும் கிடையாது. ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் பைசைட், ஜிபிஎல்-லின் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல்-லில் கிடைக்கிறது. மாற்றி எழுத ஓரிரு நாள் போகும், அவ்வளவுதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக அடைக்காதீர்கள்; ஃபோல்டராகவே வையுங்கள். வாங்கியவர் அந்த லைப்ரரியை மட்டும் கழற்றி வேறு பதிப்பை மாட்ட முடிய வேண்டும் என்பது எல்ஜிபிஎல்-லின் நிபந்தனை. டேட்டாபேஸிலும் இதே கதை. மைஎஸ்க்யூஎல்-லின் சொந்த இணைப்பு லைப்ரரி ஜிபிஎல். மரியாடிபி தருவது எல்ஜிபிஎல். ஒரே ஒரு கவுன்டர் என்றால் எஸ்க்யூலைட் போதும், அதற்கு உரிமத் தொல்லையே இல்லை. பில்லை பிடிஎஃப் ஆக்க கோஸ்ட்ஸ்கிரிப்ட்டை உங்கள் நிரலோடு இணைக்க வேண்டாம், அது ஜிபிஎல்-லைவிடக் கடுமையான ஏஜிபிஎல். தனிக் கட்டளையாகக் கூப்பிடுவது வேறு விஷயம்.

உங்கள் சோர்ஸ் தப்பித்தாலும் உபுண்டுவின் சோர்ஸ் உங்கள் தலையில்தான். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பெட்டியை விற்கும்போது அதிலிருக்கும் நூற்றுக்கணக்கான ஜிபிஎல் பேக்கேஜ்களையும் நீங்களே விநியோகிக்கிறீர்கள். "அதுதான் உபுண்டு தளத்தில் கிடக்கிறதே" என்று கைகாட்டி விடுவது ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் காசுக்கு விற்பவருக்குச் செல்லாது. சோர்ஸைக் கூடவே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் குறைந்தது 3 ஆண்டுகளுக்குச் செல்லும் எழுத்து உறுதி தர வேண்டும். செய்முறை சுலபம். எல்லாப் பெட்டிகளிலும் படியெடுத்துப் போடும் மாஸ்டர் இமேஜை எடுக்கும் அன்றே பேக்கேஜ் பட்டியலைப் பதிப்பு எண்ணோடு எடுத்து, பேக்கேஜ்களை இறக்கும் ஆப்ட் கருவியின் அமைப்பில் சோர்ஸ் வரிகளைத் திறந்து, அதே பதிப்புகளின் சோர்ஸை இறக்கி ஒரு ஹார்டுடிஸ்க்கில் போட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடினால் இறக்கும் தளத்தில் அடுத்த பதிப்புதான் இருக்கும். உறுதிக் கடிதம் வாரன்டி அட்டையோடு பெட்டிக்குள் போகட்டும்.

பெயர் இன்னொரு சிக்கல். உபுண்டுவை மாற்றியமைத்து அதே பெயரில் விற்க, அதை வெளியிடும் கெனோனிக்கல் நிறுவனத்தின் அனுமதி வேண்டும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸை அடித்தளமாக வைத்து உங்கள் கடைப் பெயரைப் போட்டுக்கொள்வது வம்பில்லாத வழி. என் ஓட்டும் அதற்கே. டெபியன் 12-லிருந்து மூடிய (சோர்ஸ் தராத) ஃபர்ம்வேருக்கென்றே தனி அலமாரி இருக்கிறது, வைஃபைக்குத் தேவையானது அதில் வந்துவிடும்.

எழுத்துருவில் கவனம். தமிழில் பில் வர வேண்டுமென்று விண்டோஸிலிருந்து லதா எழுத்துருவைக் காப்பியடித்து இமேஜில் போடுவது உரிம மீறல். ஓசியில் இறக்கிக்கொள்ள விடுவது வேறு, இமேஜில் வைத்து விற்க விடுவது வேறு. ஏரியல், டைம்ஸ் எழுத்துருக்களை டெபியனும் உபுண்டுவும் தாங்களே வைத்துக்கொள்ளாமல், நிறுவும்போது வெளியிலிருந்து இறக்கித் தருவது இதனால்தான். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை இரண்டும் திறந்த எழுத்துரு உரிமத்தில் உள்ளவை. மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். தெர்மல் பிரிண்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதால் பில்லைப் படமாக வரைந்து அனுப்புங்கள். 203 டிபிஐ பிரிண்டரில் 80 மிமீ தாளுக்குப் பொதுவாக 576 புள்ளி அகலம், 58 மிமீ தாளுக்கு 384. எழுத்துகளைக் கோக்கும் வேலையைப் பேங்கோ என்ற லைப்ரரியிடம் விடுங்கள். வெறுமனே ஒவ்வொரு குறியாக வரைந்தால் 'கொலுசு'வின் ஒற்றைக்கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும்.

தராசுக்கு மூடிய டிரைவரே வேண்டாம். சிஎச்340 சிப் உள்ள யூஎஸ்பி-சீரியல் கேபிளுக்கான டிரைவர் கெர்னலிலேயே உண்டு. உபுண்டு 22.04-ல் கேபிளைச் செருகியதும் போர்ட் தோன்றி உடனே மறைந்தால் குற்றவாளி பிஆர்எல்டிடிஒய் என்ற பிரெய்ல் சேவை. அதே சிப் எண்ணைப் பார்த்துத் தன் கருவி என்று பிடித்துக்கொள்கிறது. பிரெய்ல் கருவி வைத்திருப்பவர் யாரும் இல்லையென்றால் அதை நீக்கிவிடலாம். சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதியுள்ள டயல்அவுட் குழுவில் பயனரைச் சேர்க்கவும் மறக்காதீர்கள்.

கடைசியாகக் கெர்னல். டிரைவர் போலக் கெர்னலுக்குள் நுழையும் மூடிய மாட்யூல் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள பெட்டியாக வாங்கினால் பாதித் தலைவலி குறையும். டிகேஎம்எஸ் (டிரைவரைப் பெட்டியிலேயே கட்டும் கருவி) வழியாக வரும் டிரைவர் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் மறுபடி கட்டப்பட வேண்டும். கையொப்பமிட்டதை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இருந்தால், அதற்குச் சாவிப் பதிவும் வேண்டும். அந்தப் பதிவுக்கான நீலத் திரை பூட் ஆகும்போது 10 விநாடிதான் நிற்கும். யாரும் விசையை அழுத்தாவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். ரிமோட்டில் செய்ய முடியாத வேலை அது. ஏற்காட்டு காபி எஸ்டேட் ஒன்றுக்கு இதே பெட்டியைக் கொடுத்திருந்தால், ஒரு பாஸ்வேர்டு அடிக்க 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டியதுதான்.

உங்கள் மென்பொருளைத் தனி டெப் பேக்கேஜாக, /opt ஃபோல்டருக்குள், தன் உரிமக் கோப்போடு வையுங்கள். அப்டேட்டும் உங்கள் சொந்த ரெப்போவிலிருந்து (பேக்கேஜ் கிடங்கிலிருந்து) வரட்டும். இமேஜை மூடுமுன் /proc/sys/kernel/tainted என்ற ஃபைலைப் படியுங்கள். 4097 என்று வந்தால் வெளியிலிருந்து வந்த மூடிய மாட்யூல் ஒன்று ஏறியிருக்கிறது. 0 என்று இருந்தால் படியெடுக்க ஆரம்பிக்கலாம்.