டிவிடி ஓடுகிறது, ப்ளூ-ரே மட்டும் ஓடவில்லை

போன மாதம் இந்தப் பகுதியில், ப்ளூ-ரே பிளேயர் வைத்திருப்பவர்கள் அது எத்தனை வருடமாக ஓடுகிறது, எங்கே மக்கர் செய்கிறது என்று எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். செம்பூர், முலுண்ட், வாஷி, டோம்பிவிலி என்று மும்பையைச் சுற்றியிருக்கிற நம் ஆட்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது: செத்துப் போச்சு என்று பரணில் ஏற்றப்பட்ட பிளேயர்களில் பல இன்னும் சாகவில்லை. அதனால் முதல் கேள்விக்கு மட்டும் நீளமாகவே எழுதுகிறேன்.

கேள்வி (செம்பூர் வாசகர்): 2012-ல் வாங்கிய பிளேயர். டிவிடி, பாட்டு சிடி எல்லாம் நன்றாக ஓடுகிறது. ப்ளூ-ரே போட்டால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று காட்டுகிறது. ரிப்பேர் கடைக்காரர், போர்டே போய்விட்டது, தூக்கிப் போடுங்கள் என்கிறார். நிஜமா சார்?

பதில்: தூக்கிப் போடாதீர்கள். டிவிடி ஒழுங்காக ஓடி, படமும் சத்தமும் சரியாக வருகிறதென்றால் போர்டைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் லென்ஸைப் பார்க்க வேண்டும். உங்கள் பிளேயருக்குள் ஒரே லேசர் இல்லை. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு, ப்ளூ-ரேக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா. ப்ளூ-ரே லேசர் தனி, அது மட்டும் தளர்ந்து போனால் மற்ற இரண்டும் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். அதோடு, டிவிடியில் தகவல் பதிந்த ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் நடுவே 0.74 மைக்ரான் இடைவெளி, ப்ளூ-ரேயில் வெறும் 0.32 மைக்ரான். அத்தனை நெருக்கத்தில் ஒளியைக் குவிக்க வேண்டியிருப்பதால், டிவிடியைப் பாதிக்காத மெல்லிய அழுக்குப் படலம்கூட ப்ளூ-ரேயைப் படிக்க விடாமல் செய்துவிடும்.

மும்பையில் அந்தப் படலத்துக்குக் குறைவே இல்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சுவரே வியர்க்கிற ஈரம், கடற்காற்று, ஹாலும் சமையலறையும் ஒன்றாக இருக்கிற சின்ன ஃபிளாட்டில் தாளிக்கிற புகை, ஊதுபத்தி, கொசுவர்த்தி எல்லாம் சேர்ந்து லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி உட்கார்ந்துவிடும். என் வீட்டிலும் இதுதான் நடந்தது. 2010-ல் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டில் வாங்கிய பிளேயர், நான்காவது மழைக்காலம் முடிந்ததும் ப்ளூ-ரேயை எடுத்துக்கொள்ள மறுத்தது. சர்வீஸ் சென்டரில் போர்டு மாற்ற வேண்டும் என்று சொன்ன தொகைக்குப் புதுசே வாங்கிவிடலாம். மனசு வரவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே திறந்தேன். லென்ஸைத் துடைத்து மூடினேன். அன்று சாயந்தரமே ஓடியது, அதற்கப்புறம் ஆறு வருடம் ஓடியது.

துடைக்கிற முறையைச் சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரமாவது விடுங்கள், உள்ளே பவர் சப்ளை கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், அந்தப் பக்கம் கை வைக்கவே வேண்டாம். மேல் மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றினால் டிஸ்க் சுற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் பட்டாணியைவிடச் சின்னதாக லென்ஸ் தெரியும், சில மாடல்களில் இரண்டு இருக்கும், இரண்டையும் துடைக்க வேண்டும். சில மாடல்களில் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பாலம் மறைத்துக்கொண்டிருக்கும், அதையும் கழற்ற வேண்டியிருக்கும். நல்ல ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள், வாசனை ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கிற திரவம் எதுவும் கூடாது. பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு, நடுவிலிருந்து வெளியே, இறகால் தடவுகிற மாதிரி. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அழுத்தினால் கம்பி வளைந்து நிஜமாகவே கெட்டுவிடும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பவர் போடாதீர்கள், லேசர் கண்ணில் படக்கூடாது.

துடைத்த பிறகும் ஓடவில்லையா? அப்போது லேசரே பலவீனமாகியிருக்கலாம். அது படிப்படியாகப் போவதற்கு ஓர் அடையாளம் உண்டு. ஒரே அடுக்கு உள்ள 25 ஜிபி டிஸ்க் ஓடும், இரண்டு அடுக்கு 50 ஜிபி டிஸ்க்கில் படம் பாதி வரை போய் அடுத்த அடுக்குக்கு மாறுகிற இடத்தில் நின்றுவிடும். இப்படி இருந்தால் லேசர் யூனிட்டை மொத்தமாக மாற்ற வேண்டும், மெக்கானிக்குகள் அதையும் லென்ஸ் என்றுதான் சொல்வார்கள். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லேமிங்டன் ரோட்டில் விசாரிக்கலாம், ஆனால் பிளேயர் மாடல் பெயரை மட்டும் சொன்னால் போதாது, லேசர் யூனிட்டிலேயே அச்சிட்டிருக்கிற நம்பரை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி (முலுண்ட் வாசகி): டிஸ்க் போட்டால் படம் தொடங்கவே ரொம்ப நேரம் ஆகிறது. வாங்கின புதிதில் இவ்வளவு இல்லை. பிளேயருக்கு வயதாகிவிட்டதா?

பதில்: வயது ஒரு காரணம்தான், ஆனால் முதலில் இரண்டு காரியம் செய்து பாருங்கள். பல ப்ளூ-ரே டிஸ்க்குகளின் மெனு என்பது ஜாவாவில் எழுதிய ஒரு புரோகிராம், பிளேயர் அதை ஏற்றி, டிஸ்க்கைக் காப்பி எடுக்க விடாத பூட்டின் சாவிகளைச் சரிபார்த்து, அப்புறம்தான் படத்தைத் தொடங்கும். 2006, 2007-ல் வந்த முதல் பிளேயர்களில் இதற்கே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். செட்டிங்கில் பிடி-லைவ் அல்லது பிடி இணைய இணைப்பு (பிடி என்றால் ப்ளூ-ரே டிஸ்க், BD) என்று இருப்பதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சில டிஸ்க்குகள் இணையத்தில் எதையோ தேடிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். அடுத்து, பிடி டேட்டாவை அழி என்கிற வசதி இருந்தால் அதை அழுத்துங்கள், பழைய டிஸ்க்குகள் விட்டுப்போன மிச்சம் மீதியெல்லாம் போய்விடும். இதற்கப்புறமும் பழைய டிஸ்க்குகளே தாமதமாக வந்தால் மேலே சொன்ன லென்ஸ் சமாசாரம்தான், படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயற்சி செய்துகொண்டிருக்கிறது.

கேள்வி (டோம்பிவிலி வாசகர்): பழைய டிஸ்க் எல்லாம் ஓடுகிறது. புதிதாக வாங்கிய ஒரு டிஸ்க் மட்டும் ஓடவில்லை, அப்டேட் செய்யச் சொல்கிறது. எங்கள் பக்கம் கரன்ட் வேறு போய்ப் போய் வரும்.

பதில்: டிஸ்க்கிலும் குறை இல்லை, பிளேயரிலும் இல்லை. ப்ளூ-ரேயைக் காப்பி எடுக்க விடாத பூட்டுக்கு ஏஏசிஎஸ் என்று பெயர். அதன் சாவிகளை அவ்வப்போது மாற்றுவார்கள், புது டிஸ்க்கைத் திறக்கப் பிளேயரிடமும் புதுச் சாவி இருக்க வேண்டும். கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான ஃபர்ம்வேரை, அதாவது பிளேயரை இயக்குகிற மென்பொருளை, இறக்கி, அங்கே சொல்லியிருக்கிற முறையில் பென்டிரைவில் போட்டு ஏற்றுங்கள். நடுவில் கரன்ட் போனால் பிளேயர் எழுந்திருக்காமலே போகலாம். அதனால் கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் வைத்திருக்கிற வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயாவது அதில் மாட்டிச் செய்யுங்கள். கம்பெனி அப்டேட் கொடுப்பதையே நிறுத்திவிட்ட மாடல் என்றால் அந்த ஒரு டிஸ்க் அதில் ஓடாது, இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

கேள்வி (வாஷி வாசகி): சிங்கப்பூரில் இருக்கிற நாத்தனார் கொண்டு வந்த டிஸ்க்கில் சில ஓடுகிறது, சில ஓடவில்லை. அமெரிக்காவிலிருந்து மைத்துனர் பிளேயரையே அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: ப்ளூ-ரே உலகத்தை ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியா சி. சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா ஏ. துபாய் பி. எல்லா டிஸ்க்கிலும் இந்த மண்டலப் பூட்டு இருக்காது, அதனால்தான் சில ஓடுகின்றன. அட்டையின் பின்பக்கம் உலக உருண்டை மாதிரி ஒரு சின்னத்துக்குள் எழுத்து இருக்கும், மூன்று எழுத்தும் இருந்தால் கவலை இல்லை. 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்கு இந்தப் பிரிவினையே கிடையாது.

அமெரிக்கப் பிளேயர் வேண்டாம் என்றே சொல்வேன். ஏ டிஸ்க் ஓடும், ஆனால் இங்கே வாங்குகிற சி பூட்டுப் போட்ட டிஸ்க்கும் இந்தியாவுக்கான ஐந்தாம் மண்டல டிவிடியும் ஓடாது. பின்பக்க லேபிளில் 120 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகின அடுத்த நொடியே பவர் சப்ளை போய்விடும். 100–240 என்று போட்டிருக்கிறதா என்று மைத்துனரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி (சயான் வாசகர்): கீறல் விழுந்த டிவிடியை டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ப்பேன், ஓடிவிடும். ப்ளூ-ரேக்கும் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. டிவிடியில் தகவல் 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, ப்ளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டர்தான். அதனால்தான் மேலே கடினமான பூச்சு போட்டிருக்கிறார்கள், பேஸ்ட் முதலில் அந்தப் பூச்சைத்தான் சிராய்க்கும். மிருதுவான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்தால் போதும்.

கேள்வி (அந்தேரி வாசகர்): என் மாமா 2007-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த டிஸ்க்குகளில் எச்டி டிவிடி என்று போட்டிருக்கிறது. ப்ளூ-ரே பிளேயரில் ஓடவில்லையே?

பதில்: ஓடாது. அது ப்ளூ-ரேக்குப் போட்டியாக வந்த வேறு வகை. லேசர் அதே நீல ஊதாதான், டிஸ்க் அமைப்பு வேறு, ஓர் அடுக்குக்கு 15 ஜிபி. 2008 பிப்ரவரியில் தோஷிபா அதை நிறுத்திவிட்டது. மாமாவின் பழைய பிளேயர் வீட்டில் எங்காவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள், அதற்கு ஸ்பேர் கிடைப்பது ரொம்பக் கஷ்டம்.

கேள்வி (கோரேகாவ் வாசகர்): டிரே வெளியே வர மறுக்கிறது, தட்டினால் வருகிறது.

பதில்: பெரும்பாலும் உள்ளே இருக்கிற ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். சின்னச் செலவு. தட்டுவதை நிறுத்துங்கள்.

கேள்வி (தாணே வாசகி): எல்லாம் ஆன்லைனில் வருகிறதே, இனி எதற்குப் பிளேயர் என்கிறான் மகன். என் கணவருக்கு டிஸ்க்கில் பார்த்தால்தான் திருப்தி. இந்தக் காலத்தில் வாங்கலாமா?

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் 4கே பார்க்க நொடிக்கு 15 மெகாபிட் இணைய வேகம் போதும் என்கிறது. சாதாரண ப்ளூ-ரேயிலேயே படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை போகலாம். இருட்டுக் காட்சியிலும் மழைக் காட்சியிலும் பெரிய டிவியில் பார்த்தால் வித்தியாசம் தெரியும், சத்தத்தில் இன்னும் நன்றாகத் தெரியும். மகன் சொல்வதும் பொய்யில்லை. தமிழ்ப் படங்கள் ப்ளூ-ரேயில் வந்தது குறைவு. பிளேயர் தயாரிக்கிற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக விலகுகின்றன: 2018-ல் ஓப்போ நிறுத்தியது, 2019-ல் சாம்சங் அமெரிக்காவில் புது மாடல் கொண்டுவருவதை நிறுத்தியது. பதிவு செய்கிற வெற்று ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியோடு முடித்துக்கொண்டது.

வீட்டில் இருபது, முப்பது டிஸ்க் இருந்தால் வாங்குங்கள், ஒன்றுகூட இல்லையென்றால் வேண்டாம். செகண்ட் ஹேண்ட் என்றால் கடைக்குப் போகும்போது ஒரு டிவிடி, ஒரு 25 ஜிபி ப்ளூ-ரே, நீளமான படம் உள்ள ஒரு 50 ஜிபி ப்ளூ-ரே மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். மூன்றாவதை முதல் காட்சியோடு நிறுத்திவிடாமல் பாதிக்கு மேல் ஓட்டிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செட்டாப் பாக்ஸை அதன் தலையில் வைக்காதீர்கள், மழைக்காலத்தில் டிஸ்க் போடாவிட்டாலும் வாரம் ஒரு முறை அரை மணி நேரம் ஓட விடுங்கள், உள்ளே தங்குகிற ஈரம் அந்தச் சூட்டில் கொஞ்சம் காயும்.