துப்பாக்கிக்கு சைலன்சர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீண்ட நாளாக டெக்சஸில் இருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவரின் பண்ணையில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகத் தொடங்கி, இப்போது எனக்கென்றே ஒரு ஏஆர்-15 ரைஃபிள் இருக்கிறது. அதற்கு சைலன்சர் வாங்கலாம் என்று நினைக்கிறேன். 2026 ஜனவரியிலிருந்து அதற்கான 200 டாலர் வரியும் இல்லை. ஆனால் வீட்டில் பெரிய சண்டை. “துப்பாக்கி இருப்பதே எனக்குப் பிடிக்கவில்லை, அதில் சத்தம் வராமல் வேறு சுட வேண்டுமா, கொலைகாரர்கள் வைத்திருப்பது அது” என்கிறார் மனைவி. எனக்கோ காதில் ஏற்கெனவே லேசாக இரைச்சல் இருக்கிறது. பன்னிரண்டு வயது மகனும் கூட வருகிறான். நார்வேயில் இதைச் சாதாரணமாகக் கடையில் விற்கிறார்களாம். இங்கே மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி? பொதுமக்கள் கையில் இது இருக்கலாமா, கூடாதா? நேராகச் சொல்லுங்கள்.

கே, டெக்சஸ்

அன்புள்ள கே,

இருக்கலாம். நீங்களும் வாங்கலாம். ஆனால் இன்று இருப்பதுபோல கைரேகை, புகைப்படம் எல்லாம் கொடுத்து, பின்னணியைச் சரிபார்த்து, அரசுப் பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகுதான் அது கைக்கு வர வேண்டும். அந்தப் பதிவேட்டையும் எடுத்துவிட வேண்டும் என்று இப்போது சிலர் கேட்கிறார்கள் பாருங்கள், அதற்குத்தான் நான் உடன்படவில்லை.

உங்கள் மனைவி மனதில் இருப்பது சினிமா சைலன்சர். ‘புஸ்’ என்று ஒரு சத்தம், பக்கத்து அறையில் இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. நிஜத்தில் உங்கள் வகை ரைஃபிள் வெடிக்கும்போது ஏறக்குறைய 165 டெசிபல் சத்தம். சைலன்சர் மாட்டினால் 20 முதல் 35 டெசிபல் வரை குறையும், அவ்வளவுதான். மிச்சம் 130க்கு மேல். உள்ளே நடப்பதும் மந்திரமில்லை. ஒரு குழாய், அதற்குள் நடுவில் துளையிட்ட கூம்புத் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக. தோட்டா துளை வழியாகப் போய்விடும், பின்னால் வரும் சூடான வாயு அந்தச் சின்னச் சின்ன அறைகளில் மோதி, விரிந்து, சூடு தணிந்து மெதுவாக வெளியே வரும். பைக் சைலன்சர் செய்கிற அதே வேலை. 1909-ல் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஹைரம் பெர்சி மேக்சிம் (மேக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவரின் மகன்) இன்ஜின்களுக்கும் சைலன்சர் செய்தவர். ஆனால் இதனால் அடக்க முடிவது வாயுவின் சத்தத்தை மட்டும்தான். உங்கள் தோட்டா விநாடிக்கு 900 மீட்டருக்கு மேல் பறக்கிறது, ஒலியின் வேகமோ சுமார் 340 மீட்டர். ஒலியை முந்திக்கொண்டு அது காற்றைக் கிழிக்கும் ‘படீர்’ அப்படியேதான் இருக்கும்.

அப்படியானால் அந்த முப்பது டெசிபலுக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். நிறைய. முப்பது டெசிபல் குறைவது என்றால் காதில் வந்து விழும் ஒலியாற்றல் ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. பெரியவர்களுக்கு 140 டெசிபல்தான் வரம்பு என்கிறார்கள், அதற்கு மேல் ஒரே ஒரு வெடிகூட உள்காதில் ஒலியை உணரும் மயிர்க்கலங்களை அழித்துவிடலாம். அழிந்தது திரும்ப முளைக்காது. முதலில் போவது கீச்சுக் குரல்களும் மெல்லிய ஒலிகளும், அதாவது குழந்தைகளின் பேச்சு, பறவைச் சத்தம், ச, ஸ போன்ற எழுத்துகள். ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது பிடிபடாது. அப்புறம் இந்த இரைச்சல். அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் உடற்குறை இழப்பீடு பெறுவதற்கான காரணங்களில் முதலிடம் காதிரைச்சலுக்குத்தான். ராத்திரி படுத்தால் வீடே அமைதியாக இருக்கும்போது தலைக்குள் மட்டும் ஒரு விசில் ஓயாமல் அடிப்பதோடு வாழ்கிற மனிதர்கள் அவர்கள். உங்களுக்கு அது தொடங்கிவிட்டது என்று இத்தனை லேசாக எழுதியிருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

காதுக்குள் செருகும் அடைப்பானோ, காதை மூடும் மஃபோ வைத்துக்கொண்டால் போதாதா என்று சைலன்சரை எதிர்ப்பவர்கள் கேட்பார்கள். சுடும் பயிற்சித் திடலில் போதும். வேட்டையில் புதருக்குள் சலசலப்பைக் கேட்க வேண்டியிருப்பதால் பலர் காதை அடைத்துக்கொள்வதே இல்லை. மெல்லிய சத்தத்தைப் பெருக்கி வெடிச்சத்தத்தை மட்டும் வெட்டுகிற மின்னணு மஃப் கிடைக்கிறது, நல்ல சாதனம், ஆனால் அது போட்டிருப்பவர் காதை மட்டும்தான் காக்கும். பக்கத்தில் நிற்கும் நாய்க்கும் அடுத்த பண்ணையில் தூங்கும் குடும்பத்துக்கும் அதனால் பயனில்லை.

சரி, குற்றம்? உங்கள் மனைவியின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அமெரிக்காவில் பதிவான சைலன்சர்கள் நாற்பது லட்சத்துக்கும் அதிகம், குற்றங்களில் அவை தென்படுவது மிக அரிது. துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் ஏடிஎஃப் அமைப்பின் உயரதிகாரி ஒருவரே 2017-ல் அப்படி எழுதினார். ஆனால் அரிது என்பதற்குள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள். 2019 மே 31 அன்று வர்ஜீனியா பீச் நகராட்சிக் கட்டிடத்தில் 12 பேரைக் கொன்றவனின் கைத்துப்பாக்கியில் சைலன்சர் இருந்தது. ஆணி அடிக்கும் எந்திரத்தின் சத்தம் என்று நினைத்ததாக உயிர் தப்பியவர்களில் சிலர் சொன்னார்கள். துப்பாக்கிச் சத்தம் என்று புரிந்தால்தான் மேசைக்கு அடியில் போவோம், கதவைப் பூட்டுவோம். அந்தச் சில நொடிகளை இழந்தவர்களிடம் போய் “130 டெசிபல் பெரிய சத்தம்தான்” என்று என்னால் வாதம் செய்ய முடியாது. அது முறைப்படி வாங்கிய சைலன்சர் என்பதும் தெரியும். பதிவேடு எல்லாரையும் தடுத்துவிடாது. ஆனால் குற்றப் பின்னணி உள்ளவன் வாசலிலேயே நிற்பதும், வாங்கிய ஒவ்வொருவருக்கும் இது என் பெயரில் இருக்கிறது என்ற எச்சரிக்கை இருப்பதும் அதனால்தான். குற்றங்களில் சைலன்சர் அரிதாகத் தென்படுவதும் பதிவேடு இருக்கும்போதுதான்.

கெடுபிடியின் கதை 1934-லிருந்து வருகிறது. கும்பல்கள் தெருவில் சுட்டுக்கொண்ட காலம், இயந்திரத் துப்பாக்கிகளையும் குழல் வெட்டிய துப்பாக்கிகளையும் கட்டுப்படுத்த வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டத்தில் சைலன்சரும் சேர்ந்தது. அன்று விதித்த 200 டாலர் வரி என்பது இன்றைய மதிப்பில் நாலாயிரம் டாலருக்கு மேல். சாதாரண ஆள் வாங்கவே கூடாது என்பதற்கான வரி. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான பெரிய பட்ஜெட் சட்டம் அந்த வரியைப் பூஜ்யமாக்கியது. பதிவையும் சேர்த்து நீக்கத்தான் பார்த்தார்கள், பட்ஜெட் மசோதாவில் அதற்கு இடமில்லை என்று செனட்டின் விதிமுறை அதிகாரி சொல்லிவிட்டார். உடனே வேறு வழியில் வழக்குகள் வந்தன: இந்தப் பதிவே வரிக்காக உருவானது, வரி போனபின் பதிவு எதற்கு என்று. சட்ட வாதமாக அதில் வலு இருக்கலாம். என் கவலை வேறு. வரி போனதில் எனக்கு மகிழ்ச்சிதான், காதைக் காப்பது பணக்காரனுக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. ஆனால் முன்பு மாதக்கணக்கில் இழுத்த அனுமதி, மின்னணுப் படிவம் வந்தபின் எவ்வளவோ வேகமாகிவிட்டது. காசும் இல்லை, காத்திருப்பும் குறைந்துவிட்டது என்றால் மிஞ்சுவது பெயர் கொடுப்பது ஒன்றுதானே? நேர்மையான வேட்டைக்காரருக்கு அதில் என்ன நஷ்டம்?

நார்வேயைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அங்கே சைலன்சருக்கு அனுமதி வேண்டாம், உண்மை. ஆனால் வேட்டைக்காரராவதற்கே வகுப்புக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் போலீஸ் அனுமதி, வீட்டில் அங்கீகரிக்கப்பட்ட இரும்பு அலமாரி, மான் போன்ற பெரிய விலங்குகளைச் சுடுவதென்றால் ஆண்டுதோறும் சுடும் தேர்வு. துப்பாக்கி யார் கையில் என்பது அங்கே முன்பே தீர்ந்துவிட்ட கேள்வி, அதன் முனையில் மாட்டும் குழாயைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. டெக்சஸில் நீங்கள் ரைஃபிள் வாங்க உரிமமே வேண்டாம், தனிமனிதர்கள் தங்களுக்குள் விற்றுக்கொண்டால் பின்னணிச் சோதனைகூட கட்டாயமில்லை. நார்வேயின் சைலன்சர் வேண்டும் என்பவர்கள் நார்வேயின் துப்பாக்கிச் சட்டத்தையும் சேர்த்துக் கேட்கட்டும், பதிவேட்டை எடுக்க நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

வீட்டுச் சண்டைக்கு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. துப்பாக்கியே வேண்டாம் என்பது மனைவியின் நியாயமான தரப்பு, அதைச் சைலன்சர் பேச்சுக்குள் மறைக்காமல் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். மகனைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குழந்தைகளுக்கு வெடிச்சத்தத்தின் வரம்பு 120 டெசிபல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சைலன்சர் மாட்டிய உங்கள் ரைஃபிளே அதைத் தாண்டுகிறது. எனவே வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவனுக்குக் காதுக்குள் அடைப்பானும் வேண்டும், அதற்கு மேலே மஃபும் வேண்டும். அடுத்த முறை பண்ணைக்குப் போவதற்கு முன் இருவரும் காது மருத்துவரிடம் போய், கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள்.